ஐ.டி. பயிற்சிக்கு நம்ம ஊர்க் கடையும் கணக்கில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நெல்லையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.டெக். ஐ.டி. நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஊர் முக்கூடல் பக்கம். இன்னும் கொஞ்ச நாளில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடத் தொடங்கிவிடுவார்கள். போன வருஷம் நான் அலைந்த மாதிரி அவர்களும் அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். முடிந்தவரை வெட்டாமல் போட வேண்டுகிறேன்.

எங்கள் பாடத்திட்டப்படி ஆறாவது செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில் நாலு வாரமாவது ஒரு நிறுவனத்தில் வேலை பழக வேண்டும். அப்புறம் அறிக்கை கொடுத்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வை முடித்தால் அதற்குரிய கிரெடிட் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நிறுவனம் ‘பிரைவேட் லிமிடெட்’ ஆக இருக்க வேண்டும், அந்தப் பதிவு எண் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும் என்று. அந்த ஒரு வரியில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பித்தது.

பிரைவேட் லிமிடெட் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர். நான் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்தவள். கல்லூரிக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அம்மா பீடி சுற்றுகிறார். சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் எட்டாயிரமாவது வேண்டும் என்று சீனியர் அக்கா சொன்னார். சம்பளம் உண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் எதிர்பார்க்காதே, உள்ளே விட்டாலே பெரிது” என்றார். வீட்டில் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. 1,500 ரூபாய் கட்டினால் நாலு வார ஆன்லைன் இன்டர்ன்ஷிப், பதிவு எண்ணோடு சான்றிதழ், அறிக்கையையும் அவர்களே தருவார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த வழி அது ஒன்றுதான். அம்மா எனக்கும் பணம் எடுத்துவைத்தார். மடியில் சொளவை வைத்து, இலையை வெட்டிக்கொண்டே, “கட்டிரு, எல்லாரும் கட்டுதாங்கள்லா” என்றார். 1,500 ரூபாய் என்றால் அவருக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பீடி சுற்றுகிற கூலி. அந்த நோட்டுகளில் புகையிலை வாசம் அடித்தது. எனக்கு அதைக் கட்ட மனசு வரவில்லை.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர், பிரின்டர் விற்று, கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுக்கிற ஒரு கடை இருக்கிறது. மொத்தமே மூன்று பேர். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளில் டி.டி.பி. சென்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்தவர், பிறகு தானாகவே நிரல் எழுதப் படித்தவர். நான் போய்க் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வெயிலில் கடை கடையா அலையணும், முடியுமா?” முடியும் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

துறையில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “இது கடை, கம்பெனி இல்லையே” என்றார்கள். அண்ணாச்சியிடம் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது. இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு நான் நாலு முறை துறைக்குப் படியேறினேன். கடைசியில் எங்களுக்கு டி.பி.எம்.எஸ். என்ற தரவுத்தளப் பாடம் எடுத்த மேடம் பொறுப்பேற்றுக்கொண்டார். தினமும் என்ன செய்தேன் என்று நோட்டில் எழுதி, வாரம் ஒரு முறை காட்ட வேண்டும், ஒரு நாள் தானே நேரில் வந்து பார்ப்பேன் என்று சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார். சொன்னபடி ஒரு நாள் வெயிலில் ஸ்கூட்டியில் வந்து, ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டும் போனார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

நாலு வாரம் போதும் என்றிருந்தும் ஆறு வாரம் போனேன். காலையில் மகளிருக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ், மதியத்துக்குத் தூக்குவாளியில் சோறு. அந்தப் பஸ் இல்லை என்றால் இதுவும் நடந்திருக்காது. டிக்கெட் காசே எங்கள் வீட்டுக்குப் பாரம்.

அங்கே என்ன கற்றேன் என்பதில் ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். ‘கடையில் என்ன கற்க முடியும்’ என்று கேட்பவர்களுக்கு அது பதிலாக இருக்கும்.

பேட்டையில் ஒரு பலசரக்குக் கடை. பில்லில் சாமான் பெயர் தமிழில் வேண்டும் என்று அவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்க வருபவர்களில் பாதிப் பேர் வயதான பெண்கள். ஆங்கில எழுத்தில் அடித்த பில்லை வாசிக்கத் தெரியாமல், வீட்டில் பேரன் வந்தபிறகுதான் கணக்குப் பார்ப்பார்களாம். அங்கே இருந்தது இரண்டு அங்குலத் தாளில் சூட்டால் அச்சடிக்கிற தெர்மல் பிரின்டர். தமிழில் அனுப்பினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வந்தது. பிரின்டர் பழுது என்று நான் நினைத்தேன். பழுது இல்லை. அதற்குள் தயாரிப்பாளர் பதித்து அனுப்பிய எழுத்துகளில் தமிழ் கிடையாது. எங்கள் மென்பொருள் தெரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கித்தான் பிரின்டருக்கே அனுப்பியது.

அண்ணாச்சி ஒரு ஸ்கேலை எடுத்துத் தாளை அளக்கச் சொன்னார். அகலம் 58 மில்லிமீட்டர், அதில் அச்சு விழும் இடம் 48. மில்லிமீட்டருக்கு 8 அச்சுப் புள்ளி. அப்போது ஒரு வரிசைக்கு 384 புள்ளி. “எழுத்தா அனுப்பாதே, படமா வரைந்து அனுப்பு. படத்துக்கு மொழி கிடையாதுல்லா?” என்றார். ஒவ்வொரு வரியையும் கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, எட்டு எட்டுப் புள்ளியை ஒரு பைட்டாகக் கட்டி, வரிசைக்கு 48 பைட் என்று அனுப்ப வேண்டும். இரண்டு நாள் ஆனது. தமிழ் வந்தது, ஆனால் ‘கொத்தமல்லித் தூள்’ தப்பாக வந்தது. ‘க’ முதலில் நின்றது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் போய்விட்டன. கணினி எழுத்துகளைச் சேமிக்கிற முறையான யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது எழுத்தைத் திரையில் காட்டுகிற மென்பொருளின் வேலை. எழுத்தை வரைய நான் எடுத்த ஆயத்த நிரல் தொகுப்பில் அந்தப் பகுதி தனியாகச் சேர்க்கப்பட வேண்டியதாக இருந்தது. சேர்த்ததும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

அடுத்த சிக்கல்தான் எனக்கு மறக்க முடியாதது. பழைய நிரலில் ஒரு வரிக்கு 32 இடம், அதில் சாமான் பெயருக்கு 16. மீதி எடைக்கும் விலைக்கும். அந்தக் கணக்கிலேயே தமிழையும் வெட்டினேன். அண்ணாச்சி பில்லைக் கையில் எடுத்து, “ஏம்மா, தூள்னு வரலையே, தூளன்னுல்லா வருது” என்றார். பார்த்தால் ‘ள’ மேல் வரியில் மொட்டையாக நிற்கிறது, அடுத்த வரித் தொடக்கத்தில் தனியாக ஒரு புள்ளி. நோட்டில் எழுதி எண்ணிப் பார்த்தேன். ‘கொத்தமல்லித் தூள்’ நாம் வாசிக்கும்போது ஒன்பது எழுத்து, நடுவில் ஒரு இடைவெளி. கணினிக்கு அது 17. மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் குறி தனி. 16-இல் வெட்டினால் கடைசிப் புள்ளி கீழே விழத்தான் செய்யும். அப்புறம் இடத்தை எண்ணுவதையே விட்டுவிட்டு, ஒவ்வொரு முழு எழுத்தும் எத்தனை அச்சுப் புள்ளி அகலம் என்று அளந்து, வரி நிறையும்போது சொல் முடிகிற இடத்தில் மடக்கும்படி மாற்றினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் எழுதுகிறேன், மூன்று வருஷம் நிரல் எழுதியிருக்கிறேன். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டது அன்றைக்குத்தான்.

பேட்டைக் கடையில் அதைப் போட்டுக் கொடுத்த அன்று நானும் போயிருந்தேன். ஒரு ஆச்சி பில்லைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, “கொத்தமல்லித் தூளு, கால் கிலோ… துவரம்பருப்பு, ஒரு கிலோ” என்று நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, “நான் புளி வாங்கலையேய்யா” என்றார். கடைக்காரர் பார்த்து, ஆமாம் என்று அதைக் கழித்துக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1,500 ரூபாய் கட்டியிருந்தால் இதை நான் எங்கே பார்த்திருப்பேன்?

ஜூன் மாதம் அங்கே இருந்தபோது இன்னொன்றும் நடந்தது. கணினியில் சேமிக்கிற பில்லில் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே ஜி.எஸ்.டி. விகிதம் எழுதியிருந்தது. சாமான் பட்டியலிலும் அதே விகிதம் இருந்தது. ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று நாங்கள் நார்மலைசேஷன் பாடத்தில் படித்திருக்கிறோம். பில்லில் இருப்பதை எடுத்துவிடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “இருக்கட்டும், ஒரு நாள் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

அந்த நாள் செப்டம்பரில் வந்தது. ஜி.எஸ்.டி. விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் மாறுகின்றன என்று அந்த மாதம் 3-ஆம் தேதிக் கூட்டத்தில் முடிவானது. சோப்பு, பற்பசை, பிஸ்கட்டெல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. விகிதம் மாறுவதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். ராத்திரி பத்து மணி வரை கடை கடையாகப் போய்ப் பட்டியலை மாற்றினோம். அப்பாவும் கூடவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும் அண்ணாச்சி ஆகஸ்ட் மாதத்துப் பில் ஒன்றைத் திரும்ப அச்சடிக்கச் சொன்னார். அதில் சோப்புக்கு 18 சதவீதம் என்றுதான் வந்தது. விகிதம் பட்டியலில் மட்டும் இருந்திருந்தால் பழைய பில்லெல்லாம் 5 என்று மாறிப்போய், கணக்குக் கொடுத்தவர் மாட்டியிருப்பார். சாமான் பட்டியலில் இருப்பது இன்றைய விகிதம், பில்லில் இருப்பது விற்ற நாளின் விகிதம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அவை இரண்டும் வேறு வேறு தகவல். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே பட்டுத் தெரிந்துகொண்டதாக அண்ணாச்சி சொன்னார். பாடம் தப்பில்லை, அதை எங்கே பொருத்துவது என்று எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. மேடத்திடம் இதைச் சொன்னபோது, அடுத்த வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்கிறேன் என்றார்.

இப்போது என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விட நன்றாகப் படிப்பாள். பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. வளாக நேர்காணலில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்” என்பது. அறிக்கையில் இருந்தது நூலக மேலாண்மை மென்பொருள். அதே அறிக்கை எங்கள் வகுப்பில் பதினோரு பேரிடம் இருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வெளியே வந்து அழுதாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. அவளை அந்த இடத்துக்குத் தள்ளியது யார்? வேலை நடக்கிறதா என்று பார்க்காமல், லெட்டர்ஹெட்டை மட்டும் பார்க்கிற விதிதான்.

இத்தனைக்கும் மேலிடத்து விதி அப்படி இல்லை. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்டிருக்கிற இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலை மேடம் எனக்குக் காட்டினார். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள், அரசு அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. மாணவர் தினக்குறிப்பு எழுத வேண்டும், ஆசிரியர் ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சில கல்லூரிகள் அதைச் சுருக்கிச் சுருக்கி ஒரு சான்றிதழாக ஆக்கிவிட்டன.

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிரைவேட் லிமிடெட் பதிவு எண்ணுக்குப் பதில் உத்யம் எண்ணையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாலு வாரத்தில் ஒரு நாளாவது ஒரு ஆசிரியர் அந்த இடத்துக்கு நேரில் போகட்டும். பிள்ளை கையால் எழுதிய தினக்குறிப்பை வைத்து வைவா நடத்துங்கள். இந்த மூன்றும் இருந்தால் 1,500 ரூபாய்ச் சான்றிதழை யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் செல்லாது.

நம் பக்கம் பெரிய இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். கங்கைகொண்டானில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. பூங்கா, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம், 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் திறந்த மினி டைடல் பூங்கா. மத்தளம்பாறை மாதிரி ஒரு கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் செய்வதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியிலும் ஐ.டி., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று வருஷாவருஷம் நூற்றுக்கணக்கில் படிக்கிறோம். ஒரே மே மாதத்தில் எங்கள் எல்லோரையும் அவர்களால் எடுக்க முடியாது. மத்திய அரசு 2024-இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தபோது மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்றார்கள். ஆனால் முழுநேரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது என்றும் அப்போது விதி இருந்தது. ஆக, படிக்கும்போது வேலை பழக எங்களுக்கு மிச்சம் இருப்பது நம் ஊர்க் கடைகளும் ஆலைகளும் மருத்துவமனைகளும் கூட்டுறவுச் சங்கங்களும்தான். அரிசி ஆலையில் எடைமேடையைக் கணினியோடு இணைக்கிற வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சீட்டு வரிசை இருக்கிறது. பத்தமடைப் பாய் செய்கிறவர்களுக்கு ஒரு இணையக் கடை வேண்டும். வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அதனால் இந்தக் கடிதத்தை வாசிக்கிற கடைக்காரர்கள், முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களில் ஒருவரை எடுத்துப் பாருங்கள். முதல் வாரம் எங்களால் உங்களுக்கு உபத்திரவம்தான். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்போம். உங்கள் உண்மையான கணக்கில் எங்களை நேரடியாகக் கை வைக்க விடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அதில் பழக விடுங்கள், அண்ணாச்சி எனக்கு அப்படித்தான் செய்தார். மூன்றாவது வாரத்திலிருந்து உங்களுக்குப் பிரயோஜனமாக இருப்போம். பெண் பிள்ளை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறும்படி அனுப்பிவிடுங்கள். கடைசி நாள் அண்ணாச்சி ஒரு கவரில் 4,000 ரூபாய் வைத்துக் கொடுத்தார். அதை நான் கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவாவது எல்லோரும் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். கொடுக்காவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளைகளால் வர முடியாது.

வரும் மே மாதம் இரண்டு பேரை எடுத்துக்கொள்வதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். தமிழ்ப் பில் கேட்டு இன்னும் ஆறு கடைகள் வரிசையில் இருக்கின்றனவாம். எங்கள் துறையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். சுற்றறிக்கை மட்டும் இன்னும் மாறவில்லை.

இப்படிக்கு,
பி.டெக். ஐ.டி. இறுதியாண்டு மாணவி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனியே அனுப்பியிருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)